லண்டனில் நடை குறைய

லண்டனுக்கு விமான நிலையங்கள் பல. மூட்டுவலியோடு பயணம் போகும் பெரியவர்களுக்கு, டிக்கெட் விலையைவிட எந்த நிலையம் என்பதுதான் பெரிய கேள்வி.

ஹீத்ரோவின் இரண்டாம் முனையத்தில் பாதுகாப்புச் சோதனை முடிந்தாலும் நடை முடியாது. 'பி' வாயில்களுக்குச் சுரங்கப்பாதை வழியே நெடுந்தூரம் போகவேண்டும். நகரும் நடைபாதை இருந்தும் முழங்கால் கெஞ்சும்.

பழைய கப்பல்துறைப் பகுதியில் 1987-இல் திறக்கப்பட்ட லண்டன் சிட்டி நிலையம் இதற்கு நேர்மாறு. ஒரே முனையம். டி.எல்.ஆர். ரயிலைவிட்டு இறங்கினால் பக்கத்திலேயே வாசல். லண்டனிலிருந்து ஐரோப்பிய நகரங்களுக்குப் போகும் அம்மா அப்பாவுக்கு முதலில் இங்கே டிக்கெட் தேடுவது நல்லது.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான்; அதனால் சிறிய விமானங்களே வரும். பல நேரம் திறந்தவெளியில் நடந்து, படியேறித்தான் விமானத்துக்குள் போகவேண்டும்.

சக்கர நாற்காலி கேட்கும்போது படியேற முடியுமா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தூரம் நடக்க முடியாதவருக்கு 'டபிள்யூ.சி.எச்.ஆர்.' என்று குறிப்பார்கள். படியும் ஏற முடியாதவருக்கு 'டபிள்யூ.சி.எச்.எஸ்.'. உதவிக்குக் கட்டணம் கிடையாது. புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிட வேண்டும்.