ஈஸ்ட்டின் சுவரும் பூச்சியின் தற்காப்பும்

பூச்சிகளின் உடலில் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்கள் உருவாவதில்லை. ஒருமுறை வந்துபோன கிருமியைப் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள் முதுகெலும்புள்ள உயிர்களுக்கு உண்டு. பூச்சிக்கு அவையும் இல்லை. ஆனாலும் அழுகும் பழத்திலும் பூந்தேனிலும் தேனடையிலும், எண்ணற்ற ஈஸ்ட்டுகளுக்கு நடுவே, பூச்சியினம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. அந்தச் சின்ன உடலுக்குள் இருக்கும் தற்காப்பு எளிமையானது, ஆனால் வலுக்குறைந்தது அல்ல.

ஈஸ்ட் என்பது ஒரே செல்லால் ஆன பூஞ்சை. ரொட்டி மாவை உப்பச் செய்வதும் கள்ளைப் புளிக்க வைப்பதும் அதன் நல்ல முகங்கள். பெரும்பாலான ஈஸ்ட்டுகளால் யாருக்கும் தீங்கில்லை. பழ ஈக்கு ஈஸ்ட்தான் முக்கிய உணவே. நோய் தருபவை சில மட்டுமே. மனிதரின் வாயிலும் குடலிலும் அமைதியாக இருந்துவிட்டு, உடல் தளரும்போது இரத்தத்தில் புகும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் அவற்றில் ஒன்று. மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் இவை இரண்டும் மிக உயர்ந்த அபாயப் பிரிவில் இடம்பெற்றுள்ளன.

ஈஸ்ட்டுக்கும் சிற்றுயிரின் தற்காப்புக்கும் நடக்கும் போரை நுண்ணோக்கியில் முதன்முதலாக விளக்கமாகக் கண்டவர் ரஷ்ய உயிரியலாளர் இலியா மெச்னிக்கோவ். 1884-இல் அவர் ஆராய்ந்தது டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு. பூச்சிகளின் உறவினமான ஓட்டுடலி அது. அதன் உடல் கண்ணாடி போல் ஊடுருவித் தெரிவதால், உள்ளே நடப்பதை உயிருடனே பார்க்க முடிந்தது. நீர்த்தெள்ளு விழுங்கிய ஓர் ஈஸ்ட்டின் ஊசி வடிவ வித்துகள் குடற்சுவரைத் துளைத்து உடற்குழிக்குள் வந்தன. உடனே இரத்த அணுக்கள் சூழ்ந்து அவற்றை விழுங்கின. அணுக்கள் வென்றால் நீர்த்தெள்ளு பிழைத்தது. வித்துகள் முளைத்துப் பெருகினால் இறந்தது. செல்கள் கிருமியை விழுங்கிக் காக்கின்றன என்ற அவருடைய கோட்பாட்டுக்கு இது உறுதியான சான்றாயிற்று. 1908-இல் பால் எர்லிக்குடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஈஸ்ட்டின் பேரினம் இன்று மெச்னிக்கோவியா என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

பூச்சியின் முதல் அரண் அதன் புறத்தோல். கைட்டினும் மெழுகும் சேர்ந்த அந்தத் தோலைத் தானே துளைத்து நுழையும் பூஞ்சைகள் உண்டு. கேண்டிடா போன்ற ஈஸ்ட்டுகளுக்கு அந்தத் திறமை இல்லை. உணவோடு குடல் வழியாகவோ காயத்தின் வழியாகவோதான் அவை உள்ளே வர வேண்டும். உள்ளே வந்தபின் சந்திப்பது பூச்சியின் இரத்தம். அது நாளங்களில் ஓடாமல் உடற்குழி முழுவதும் நிறைந்து உறுப்புகளை நனைத்துக்கொண்டிருக்கும். அதில் மிதக்கும் அணுக்கள் தனி ஈஸ்ட் செல்லை விழுங்கி, வீரியமுள்ள ஆக்சிஜன் சேர்மங்களால் சிதைக்கின்றன. மனிதரின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு செய்யும் வேலையும் இதுவே. ஈஸ்ட்டுகள் கூட்டமாக வந்தால் பல அணுக்கள் ஒன்றுசேர்ந்து அவற்றைச் சுற்றி முடிச்சு கட்டுகின்றன. அந்த முடிச்சின்மேல் மெலனின் என்ற கறுப்பு நிறமி படிகிறது. மெலனின் உருவாகும்போது பிறக்கும் இடைநிலைப் பொருள்கள் கிருமிக்கு நஞ்சு. கறுப்புப் படலமோ கிருமி பரவாமல் சிறைப்படுத்துகிறது.

வந்திருப்பது பூஞ்சை என்று பூச்சிக்கு எப்படித் தெரிகிறது? விடை ஈஸ்ட்டின் செல்சுவரில் இருக்கிறது. அதன் கட்டுமானப் பொருளான பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைத் தொடர் விலங்குகளின் உடலில் உருவாவதே இல்லை. பழ ஈயின் இரத்தத்தில் உள்ள ஓர் உணர்புரதம் அந்தக் குளுக்கானைப் பற்றியதும், நொதிகள் வரிசையாக ஒன்றையொன்று தூண்டுகின்றன. கடைசியில் ஸ்பெட்ஸ்லே என்ற புரதம் வெட்டப்பட்டு, செல்லின் மேற்பரப்பிலுள்ள டோல் என்ற ஏற்பியில் போய்ச் சேர்கிறது. அந்தச் செய்தி உட்கருவை எட்டியதும், கொழுப்புத் திசு பூஞ்சைக்கொல்லிப் பெப்டைடுகள் என்ற சிறு புரதங்களை இரத்தத்தில் கொட்டத் தொடங்குகிறது. டிரோசோமைசின் அவற்றில் பேர்பெற்றது. மெச்னிக்கோவின் பெயரைத் தாங்கிய மெச்னிக்கோவின் என்றொரு பெப்டைடும் உண்டு.

டோல் முதலில் அறியப்பட்டது ஈயின் கருவில் முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்று தீர்மானிக்கும் மரபணுவாகத்தான். அது பூஞ்சையிலிருந்தும் ஈயைக் காக்கிறது என்பதைப் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் புரூனோ லெமேத்ர், ஜூல் ஹாஃப்மன் குழுவினர் 1996-இல் நிறுவினர். டோல் பழுதான ஈக்கள் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை தொற்றி விரைவில் மாண்டன. அவற்றின் உடல் முழுக்கப் பூஞ்சை இழைகள் படர்ந்திருந்தன. கேண்டிடா ஆல்பிகன்ஸைச் செலுத்தினாலும் முடிவு அதேதான். நலமான ஈ பிழைத்துக்கொள்கிறது, டோல் இல்லாத ஈ இறக்கிறது. மனிதரிடமும் டோலை ஒத்த ஏற்பிகள் இருப்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது. மருத்துவத்தின் போக்கையே மாற்றிய இந்த அறிவு ஓர் ஈயிடமிருந்து வந்தது என்பது வியப்புக்குரியது. ஹாஃப்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காட்டிக்கொடுப்பது குளுக்கான் என்றால், தப்பிக்கும் வழி அதை மறைப்பதே. கேண்டிடாவின் சுவரில் குளுக்கான் உள்ளடுக்கில் இருக்கிறது. நெல்லின் உமி அரிசியை மூடியிருப்பது போல மன்னான் என்ற வேறொரு சர்க்கரை அடுக்கு அதை மேலே மூடியிருக்கிறது. மொட்டு விட்டுப் பிரியும்போது மட்டும், தாய்ச் செல்லில் விழும் வடுவில் குளுக்கான் வெளியே தெரிகிறது. அதே ஈஸ்ட் நீண்ட இழையாக வளரும்போது செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை, வடுவும் விழுவதில்லை. விழுங்கப்பட்ட நிலையிலும் கேண்டிடா இழை விட்டு, தன்னை விழுங்கிய அணுவையே கிழித்துக்கொண்டு வெளியேறக்கூடியது.

இந்தப் போரை இன்று ஆய்வகங்கள் பெரிதும் காண்பது மெழுகு அந்துப்பூச்சியின் புழுவில். தேனீ வளர்ப்போருக்கு இது வேண்டாத விருந்தாளி. கூட்டுக்குள் புகுந்து அடையை அரித்துத் தின்றுவிடும். ஆய்வாளருக்கோ அதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. தேன்கூட்டின் வெப்பத்தில் வளரப் பழகிய இந்தப் புழு, மனித உடலின் 37 டிகிரி செல்சியஸிலும் உயிரோடிருக்கும். மனிதருக்குள் கிருமி எந்த வெப்பத்தில் வளர்கிறதோ அதே வெப்பத்தில் சோதிக்கலாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள புழுவின் கடைசிப் பொய்க்காலில் மெல்லிய ஊசியால் சில மைக்ரோலிட்டர் கரைசல் செலுத்தப்படுகிறது. தொற்று முற்றினால் வெளிர்மஞ்சள் புழு மெலனினால் கறுத்துவிடும். விளைவு வெறும் கண்ணுக்கே தெரியும். கேண்டிடாவின் எந்த வகைகள் எலியில் வீரியம் காட்டினவோ, எவை வீரியமிழந்தனவோ, அவை புழுவிலும் பெரும்பாலும் அப்படியே நடந்துகொண்டதை அயர்லாந்தின் மேனூத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் காட்டினர்.

இழை விடுவதற்கு வேண்டிய இரண்டு மரபணுக்களை நீக்கிய கேண்டிடா, எலியிலும் புழுவிலும் பல்லிழந்து போகிறது. இதிலிருந்து இழைதான் ஆயுதம் என்று முடிவு கட்டிவிடலாம். அது அவசரமான முடிவு. புழுவின் உடலில் நன்றாக இழை விட்டும் அதைக் கொல்ல முடியாத மாற்றுவகை ஒன்று பின்னர் கண்டறியப்பட்டது. 2009-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டு, இந்திய மருத்துவமனைகள் உட்பட உலகெங்கும் பரவிய கேண்டிடா ஆரிஸ் பொதுவாக இழை விடுவதில்லை. ஆனாலும் அதன் சில வகைகள் புழுவை ஆல்பிகன்ஸுக்கு நிகரான வேகத்தில் கொல்கின்றன. உருமாற்றம் கேண்டிடாவின் வலிமைகளில் ஒன்று. அதுவே முழு வலிமை அல்ல.

கிரிப்டோகாக்கஸின் வழி வேறு. அது இழை விட்டுத் தாக்குவதில்லை. சுவருக்கு வெளியே தடித்த சர்க்கரைக் கூழ் உறையைப் போர்த்திக்கொள்கிறது. புழுவின் இரத்த அணுக்கள் அதை விழுங்கத்தான் செய்கின்றன. ஆனால் விழுங்கப்பட்ட பின்னும் அது பெருகுகிறது. அது தானும் மெலனினைத் தயாரித்துச் சுவரில் பதித்து, அணுக்கள் வீசும் ஆக்சிஜன் சேர்மங்களைத் தாங்கிக்கொள்கிறது. பூச்சி படைக்கலமாகக் கொண்ட அதே வகைப் பொருளை இந்த ஈஸ்ட் கவசமாகக் கொண்டிருக்கிறது.

நிலையான நினைவு இல்லாவிட்டாலும் பூச்சியின் தற்காப்பு எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. தீங்கற்ற ஈஸ்ட்டையோ சிறிய அளவு கேண்டிடாவையோ முன்னதாகச் செலுத்தினால், அடுத்து வரும் கொல்லும் அளவுத் தொற்றைப் புழு தாங்கிக்கொள்கிறது; பூஞ்சைக்கொல்லிப் பெப்டைடுகள் ஏற்கெனவே கூடியிருப்பதே காரணம். இந்தக் காப்பு நீடித்து நிற்பதில்லை. பட்டினி கிடந்த புழுவோ அதே ஈஸ்ட்டுக்கு எளிதில் பலியாகிறது. ஆகவே புழுவை வைத்து மருந்தைச் சோதிப்போர் அதன் தீனியையும் பராமரிப்பையும் ஒரே சீராக வைத்திருப்பது கட்டாயம். மருந்தே கூடக் குழப்பலாம். குளுக்கான் உருவாவதைத் தடுக்கும் காஸ்போஃபஞ்சின் பூஞ்சையைத் தாக்குவதோடு, புழுவின் தற்காப்பையும் கிளப்பிவிடுகிறது. பிழைத்த புழு மருந்தால் பிழைத்ததா, தன் பெப்டைடுகளால் பிழைத்ததா என்று பிரித்தறியாமல் முடிவு எழுதுவது தவறு.

விழுங்கும் அணுக்கள், செல்சுவரை அடையாளம் காணும் ஏற்பிகள், பெப்டைடுகள் ஆகியவை பற்றிய கேள்விகளுக்குப் புழுவும் ஈயும் நம்பத்தக்க விடை தருகின்றன. எலிகளின் தேவையையும் பெருமளவு குறைக்கின்றன. ஆனால் நுரையீரலிலிருந்து மூளைக்குக் கிரிப்டோகாக்கஸ் செல்லும் பாதை, எதிர்ப்பொருள்களின் பங்கு, டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் குன்றிய எய்ட்ஸ் நோயாளியிடம் அது முற்றும் விதம் ஆகியவற்றைப் பூச்சியில் காண இயலாது. அவற்றுக்குப் பாலூட்டிகளில் செய்யும் ஆய்வே வேண்டும்.