கீரை விதைக்கும் முறை

2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாயிருந்தபோது, அரசாங்க ஊழியர் தத்தம் வளவுகளிற் பயிரிடும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை இசைந்தது. அத்தகைய வேளையில் விரைந்து கைகொடுப்பது கீரை. விதைத்த மூன்று நான்கு வாரங்களில் அது கறிச்சட்டிக்கு வந்துவிடும்.

ஆயினும், விதைத்தும் முளைக்கவில்லையே என வருந்துவோர் பலர். பெரும்பாலும் அதற்குக் காரணம் விதையை ஆழப் புதைத்தலே. ஒரு கிராம் கீரை விதையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள் உள. அத்துணைச் சிறிய மணி ஆழத்திற் கிடந்தால், முளை வெளிச்சத்தைக் காணுமுன்னே மாண்டுவிடும்.

ஆதலின், உக்கிய மாட்டெருவைக் கலந்து, மண்ணைப் பொடியாக்கிப் பாத்தியைச் சமப்படுத்தல் வேண்டும். விதையை உலர்ந்த மணலுடன் கலந்து தூவி, மேலே சிறிதளவு மண்ணிட்டு, பூவாளியால் நீர் தெளித்தல் போதும். எறும்பு விதையைக் கொண்டுபோகாதபடி பாத்தியைச் சுற்றிச் சாம்பல் இடுவர். ஐந்தாறு நாளில் முளை தோன்றும். பின்னர், நெருக்கமாய் நிற்கும் இளஞ்செடிகளைப் பிடுங்கிச் சமைக்கலாம்.

எல்லாவற்றையும் பறித்துவிடலாகாது. தடித்த செடி இரண்டை முற்றவிட்டு, கதிர் உலர்ந்ததும் கசக்கிப் புடைத்து, விதையைப் போத்தலில் அடைத்து வைத்தல் வேண்டும். அடுத்த தட்டுப்பாடு எப்போது வருமென எவரும் அறியார். விதை வைத்திருக்கும் வீடு அன்று கடையை நம்பிக் காத்திராது.