விளைபொருள் விற்பனைக்குச் சொந்தப் பெயரில் லிங்க்

(உழவர் தின விழாவில் ஆற்றிய உரை)



உழவியல் துறையைச் சேர்ந்த நான் இன்று உரத்தைப் பற்றியோ களையைப் பற்றியோ பேசப் போவதில்லை. விளைந்ததை விற்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். மஞ்சள் தூள், நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய், பாரம்பரிய நெல்லின் அரிசி ஆகியவற்றை நம்மில் பலர் வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் மூலம் நேரடியாக விற்று வருகிறார்கள். விலை விவரத்தையும் ஆர்டர் படிவத்தையும் ஒரு லிங்க்காக அனுப்புகிறார்கள். அந்த லிங்க் யார் பெயரில் இருக்கிறது, எந்த இடத்தில் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே வாங்குபவர் அதைத் தொடுவதும் தொடாமல் விடுவதும் அமைகிறது.

லிங்க்கும் விதைப் பை அட்டையும்

விதை வாங்கும்போது நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? பையின் வாயில் தைத்துள்ள அட்டையைப் பார்க்கிறோம். நீல அட்டை இருந்தால் சான்று விதை, வெள்ளை அட்டை இருந்தால் ஆதார விதை. அட்டை இல்லாத பையை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், யோசித்துத்தான் எடுக்கிறோம். சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு செல்போனில் நம் பொருளைப் பார்ப்பவருக்கு லிங்க்தான் அந்த அட்டை.

இன்று லிங்க்கைக் கண்டு மக்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. பி.எம். கிசான் உதவித்தொகையின் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் போலிச் செயலிகளும் லிங்க்குகளும் வந்துள்ளன. அவற்றைத் தொட்டு நிறுவியவர்கள் வங்கிக் கணக்கில் இருந்த பணத்தை இழந்திருக்கிறார்கள். உங்கள் லிங்க்கும் முன்பின் தெரியாத எழுத்துகளும் எண்களும் கலந்ததாக இருந்தால், உங்கள் நல்ல மஞ்சளும் அந்தப் போலிகளின் வரிசையிலேயே நிற்கும். உங்கள் குழுவின் பெயரே முகவரியாக இருந்தால் வாங்குபவர் படித்தவுடன் யாரிடம் போகிறோம் என்று அறிந்துகொள்வார்.

குத்தகை முகவரியும் சொந்த முகவரியும்

நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகள் 2002-ஆம் ஆண்டு டைனியூஆர்எல் தொடங்கியதிலிருந்தே உள்ளன. இவற்றில் பல இலவசம். ஆனால் இலவச முகவரி, குத்தகை நிலம் போன்றது. நிலத்துக்காரர் மனம் மாறினால் நாம் வெளியேற வேண்டும்.

இதற்குக் கூகுள் நிறுவனத்தின் சுருக்க முகவரிச் சேவையே சான்று. 2009-இல் தொடங்கிய இச்சேவையை உலகெங்கும் எண்ணற்றோர் பயன்படுத்தினர். 2019 மார்ச் மாதத்துடன் புதிய முகவரிகள் தருவது நிறுத்தப்பட்டது. பழைய முகவரிகள் அனைத்தும் 2025 ஆகஸ்ட் 25-க்குப் பின் இயங்கா என்று 2024 ஜூலையில் அறிவிப்பு வந்தது. பிறகு 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் அம்முடிவு தளர்த்தப்பட்டு, பயன்பாட்டில் உள்ளவை மட்டும் காப்பாற்றப்பட்டன. 2024-இன் கடைசி மாதங்களில் யாரும் தொடாதிருந்தவை நிறுத்தப்பட்டன. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் முகவரிக்கே இந்நிலை. அதை நம்பிப் பையிலும் துண்டுப் பிரசுரத்திலும் அச்சடித்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மேலும், சில சுருக்க முகவரிகள் வெளிநாட்டு எழுத்துகளில் முடிபவை. 'எல் ஒய்' என்ற முடிவு லிபியா நாட்டுக்குரியது. அவ்வாறு முடிந்த ஒரு சுருக்க முகவரியை 2010-இல் அந்நாட்டுப் பதிவகம் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஆகவே, குழுவின் பெயரில் ஒரு முகவரியைப் பதிவு செய்துகொள்வதே நல்லது. இதை டொமைன் என்கிறார்கள். இந்தியாவுக்குரிய 'இன்' என்று முடியும் முகவரி ஆண்டுக்குப் பொதுவாகச் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. முதல் ஆண்டு விலை குறைவாகவும் அடுத்த ஆண்டு கூடுதலாகவும் இருக்கலாம். புதுப்பிக்கும் கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பதிவு செய்து தரும் தம்பியின் பெயரிலோ, கடைக்காரரின் மின்னஞ்சலிலோ பதிவு செய்யாதீர்கள். அது நம் நிலத்தின் பட்டாவை மற்றவர் பெயரில் எழுதுவதற்கு ஒப்பாகும். குழுவின் மின்னஞ்சல், குழுவின் தொலைபேசி எண் இவற்றிலேயே பதிவு செய்து, புதுப்பிக்க வேண்டிய தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். தேதி தவறினால் சில காலத்துக்குப் பின் வேறு எவரும் அப்பெயரை எடுத்துக்கொள்ள இயலும்.

லிங்க் வேலை செய்யும் முறை

டொமைன் விற்பவர்களில் பலர் திருப்பி விடும் வசதியையும் சேர்த்தே தருகிறார்கள். குழுவின் பெயரை அடுத்து ஒரு சாய்கோடு, அதன் பின் 'மஞ்சள்' என்று ஒரு சிறு சொல். இதைத் தொட்டவர் உங்கள் விலைப் பக்கத்துக்கோ, ஆர்டர் படிவத்துக்கோ, வாட்ஸ்அப் உரையாடலுக்கோ போய்ச் சேருவார். தலைமடையில் நின்று தண்ணீரை வேண்டிய வயலுக்குத் திருப்புவது போன்றது இது. மஞ்சள் தீர்ந்துவிட்டால் அதே லிங்க்கை, 'இருப்பு இல்லை, புது மஞ்சள் தை மாதத்துக்குப் பின் வரும்' என்ற பக்கத்துக்குத் திருப்பலாம். வெளியில் கொடுத்த லிங்க்கை மாற்ற வேண்டியதில்லை.

விற்பனைப் பக்கம் இல்லாதவர்கள் வாட்ஸ்அப் உரையாடலுக்கே திருப்பி விடலாம். வாட்ஸ்அப் தரும் முகவரியில் 'டபிள்யூ ஏ புள்ளி எம் இ' என்பதை அடுத்துச் சாய்கோடு இட்டு, 91 சேர்த்து உங்கள் செல்போன் எண்ணை எழுத வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி, முன்னால் பூஜ்யம் எதுவும் கூடாது.

பெயர் வைக்கும் முறை

1. பெயர் சிறியதாகவும் வாயால் சொன்னால் எழுதக் கூடியதாகவும் இருக்க வேண்டும். 'ழ' உள்ள சொற்களில் கவனம் தேவை. வாழை என்பதை ஆங்கில எழுத்தில் ஒருவர் 'எல்' போட்டும், மற்றொருவர் 'இசட் எச்' போட்டும் எழுதுவார். இப்படிப்பட்ட சொல்லைத் தவிர்க்கலாம், அல்லது இரு விதமாகவும் லிங்க் அமைத்துக்கொள்ளலாம்.

2. ஆங்கில எழுத்து 'ஓ'வும் பூஜ்யமும், 'எல்'லும் ஒன்றும் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும். எண்களைக் கலக்காதீர்கள்.

3. தமிழ் எழுத்திலேயே, 'இந்தியா' என்று முடியும் முகவரியும் உண்டு. ஆனால் சாய்கோட்டுக்குப் பின் தமிழில் எழுதினால், நகல் எடுத்து ஒட்டும்போது பல செயலிகளில் அது சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட வரிசையாக மாறிவிடுகிறது. எனவே அப்பகுதியை ஆங்கில எழுத்தில் வைப்பதே இப்போதைக்கு எளிது.

4. ஊருக்குப் பொதுவான பெயரை நம் தனிப் பெயராக வைக்கக் கூடாது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீட்டைப் பயன்படுத்துவோர் அதற்கெனப் பதிவு செய்துகொள்ள வேண்டும். முகவரிக்கு உங்கள் குழுவின் பெயரே பொருத்தமானது.

இடத்துக்கேற்ற முறை

எல்லா மண்ணுக்கும் ஒரே ரகம் ஏற்றதல்ல. அதுபோல ஒரே செய்தியை எல்லா இடத்திலும் போடுவதால் பலன் குறைவு.

வாட்ஸ்அப்: மொத்தமாகச் செய்தி அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே அச்செய்தி போய்ச் சேரும். எனவே முதல் விற்பனையின்போதே எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். பல முறை கைமாறி வந்த செய்தியை 2020 ஏப்ரல் முதல் ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே மேலனுப்ப முடிகிறது. ஆகவே செய்தியைப் பரப்புவதைக் காட்டிலும் பழகிய வாடிக்கையாளருக்கு நேரே எழுதுவதே பயன் தரும். என்ன பொருள், என்ன எடை, என்ன விலை என்று இரண்டு வரி எழுதி, அதன் கீழ் லிங்க் கொடுங்கள். வெறும் லிங்க்கை மட்டும் அனுப்பாதீர்கள்.

பேஸ்புக்: லிங்க் ஒட்டியவுடன் அப்பக்கத்தின் படமும் தலைப்பும் தானே தோன்றும். விலையை மாற்றிய பின்னும் சில சமயம் பழைய படமே வரும். வெளியிடுமுன் ஒரு முறை பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இன்ஸ்டாகிராம்: படத்தின் கீழ் எழுதும் லிங்க் பொதுவாகத் தொட்டால் திறக்காது. முகப்பிலுள்ள அறிமுகப் பகுதியில்தான் வைக்க வேண்டும். 2023 முதல் அங்கு ஐந்து லிங்க்குகள் வரை வைக்கலாம். ஒரு நாள் மட்டும் நிற்கும் ஸ்டோரியிலும் லிங்க் ஒட்டலாம்.

யூடியூப்: ஷார்ட்ஸ் எனப்படும் குறு வீடியோக்களின் விளக்கத்திலும் கருத்துகளிலும் உள்ள லிங்க் 2023 ஆகஸ்ட் 31 முதல் தொட்டால் திறப்பதில்லை. நீண்ட வீடியோவில், சானலுக்குரிய சரிபார்ப்பை முடித்தபின், விளக்கப் பகுதியின் முதல் இரண்டு வரிகளுக்குள் லிங்க்கைக் கொடுங்கள். வீடியோவிலேயே முகவரியை வாயால் சொல்லுங்கள். சொந்தப் பெயர் லிங்க்கின் அருமை இங்குதான் தெரியும்.

குறுஞ்செய்தி: நிறுவனப் பெயரில் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளில் உள்ள லிங்க்குகளை முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற டிராய் விதி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பதியாத லிங்க் உள்ள செய்தி தடுக்கப்படும்.

பொருளின் பை: பையில் அச்சிடும் கியூஆர் குறியிலும் சொந்தப் பெயர் லிங்க்கையே வையுங்கள். இரண்டு செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு நிறத்தில், சுற்றிலும் இடம் விட்டு அச்சிட வேண்டும். கீழே முகவரியை எழுத்திலும் போடுங்கள். மொத்தமாக அச்சிடுமுன் இரண்டு மூன்று போன்களில் சோதியுங்கள்.

கணக்கு வைத்தல்

உரச் செலவுக்குக் கணக்கு வைப்பது போல் லிங்க்குக்கும் கணக்கு வேண்டும். ஒரே பக்கத்துக்கு வாட்ஸ்அப்புக்கு ஒன்று, பேஸ்புக்குக்கு ஒன்று, பைக்கு ஒன்று எனத் தனித்தனிச் சொல்லில் லிங்க் அமைத்தால் எந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது என்று தெரியும். பேஸ்புக் வழியாக 200 பேர் திறந்து 2 பேர் வாங்கினார்கள், வாட்ஸ்அப் வழியாக 40 பேர் திறந்து 10 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். திறந்த எண்ணிக்கையைப் பார்த்தால் பேஸ்புக் பெரிது. ஆனால் விளைச்சல் வாட்ஸ்அப்பில்தான். திறந்த எண்ணிக்கையில் இயந்திரங்கள் திறந்து பார்ப்பதும் சேர்ந்திருக்கும். ஆகவே, ஆர்டரை வைத்தே முடிவு செய்யுங்கள். ஒரு பருவம் முழுதும் பார்த்த பின்பே எதையும் விட்டுவிடுங்கள்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

லிங்க் போய்ச் சேரும் பக்கத்தில் பொருளின் எடை, விலை, அறுவடை செய்த மாதம், உணவுப் பாதுகாப்பு உரிம எண், பேசக் கூடிய தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். செயலியைப் பதிவிறக்கச் சொல்லாதீர்கள். ஓ.டி.பி., ரகசிய எண் கேட்காதீர்கள். 'எங்கள் முகவரி இது ஒன்றே, வேறு பெயரில் வந்தால் நம்ப வேண்டாம்' என்று பையிலேயே அச்சிடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி மற்றொருவர் ஏமாற்றாமல் இருக்க இது உதவும்.

பிறர் அனுப்பும் லிங்க்கையும் இதே கண்ணோடு படியுங்கள். முகவரியின் தொடக்கத்தில் இரு சாய்கோடுகள் வரும். அவற்றுக்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக உள்ள பெயர்தான் உண்மையான உரிமையாளரைக் காட்டும். அதற்கு முன் எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் பயனில்லை. இந்திய அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'ஜிஓவி புள்ளி இன்' என்று முடியும். பி.எம். கிசான் தளமும் அப்படியே. பணம் பறிபோனால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். காலதாமதம் ஆக ஆகப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினமாகிவிடும்.

நண்பர்களே! ஒரு பயிரின் நல்ல பெயர் பல ஆண்டு உழைப்பால் வருவது. அப்பெயரை மற்றவர் முகவரியில் குத்தகைக்கு விட வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் பெயரை முடிவு செய்து, குழுவின் பேரிலேயே பதிவு செய்து, வரும் அறுவடைக்குள் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் லிங்க் அமைத்துப் பாருங்கள். பலன் கண்ட பின் மற்றப் பொருள்களுக்கும் விரிவாக்கி, உங்கள் உழைப்புக்குரிய விலையை நீங்களே பெறுமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.