‘எனக்கு வராது’ என்னும் சொல்

கணக்குப் பாடத்தில் தவறிய சிறுவன் வீட்டுக்கு வந்து, “எனக்குக் கணக்கு வராது” என்று கூறுவதைக் கேளாத பெற்றோர் அரியர். மூன்று சொற்களில் அடங்கிவிடும் இத்தீர்ப்பைப் பெரியோர் பொருட்படுத்துவதில்லை. சிறு பிள்ளையின் சலிப்பு என்று விட்டுவிடுவர். ஆயினும், ஒருவனுடைய கல்வி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்வது இச்சொல்லே ஆகும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது ஆராயத்தக்கது. பிள்ளை தானே முயன்று பார்த்துக் கண்ட முடிபா? அன்றி, வேறு எவரோ முன்னரே சொல்லி வைத்ததைத் திருப்பிச் சொல்கின்றதா? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு, யாழ்ப்பாணத்து வடமராட்சியிலுள்ள கரவெட்டியின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

நெல்லியடிச் சந்தியை அடுத்து, பனங்கூடல்களும் தோட்டங்களும் சூழ அமைந்த ஊர் கரவெட்டி. கல்வியாற் பெயர்பெற்ற ஊர். தமிழாய்வுலகம் நன்கறிந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932-ஆம் ஆண்டு இவ்வூரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் பண்டிதர், சைவப்புலவர். கரவெட்டி விக்னேஸ்வராக் கல்லூரியிலும் கொழும்பு சாஹிராக் கல்லூரியிலும் பயின்ற மகன், இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார்; பின்னர் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகம் பற்றி ஆராய்ந்து கலாநிதியானார். அவருடைய உழைப்பையும் கூர்மையையும் எவரும் ஐயுறார். எனினும், பண்டிதர் வீட்டிற் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு பேறு தானாகவே வாய்த்துவிடுகின்றது. ‘உன்னாற் படிக்க முடியும்’ என்று அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தந்தை படித்தவர், ஆகவே தானும் படிக்கலாம் என்ற எண்ணம், வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்போலக் கேளாமலே கிடைத்துவிடுகின்றது.

அதே வடமராட்சியின் வேறு ஒழுங்கைகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர் எட்டவில்லை. இது வெறும் உவமையன்று. ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பல கிணறுகளில் நீர் அள்ளும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. பாடசாலைக் கதவும் அவ்வாறே. சில இடங்களில் அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த இடங்களில் ஏனைய பிள்ளைகள் வாங்கில் அமர, இவர்கள் தரையில் அமர வேண்டியிருந்தது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் கல்விப் பகுதியார் வற்புறுத்தியபோது, யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின.

தரையில் இருத்தப்பட்ட பிள்ளை முதலிற் கற்ற பாடம் யாது? அகரம் அன்று. ‘இது உனக்குரிய இடமன்று’ என்பதே அது கற்ற முதற் பாடம். அப்பாடத்தை எவரும் கரும்பலகையில் எழுதவில்லை, பரீட்சையும் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணி நேரமும் அது புகட்டப்பட்டது. பின்னர் அப்பிள்ளை கணக்கில் ஒருமுறை தவறினால், ‘எனக்கு வராது’ என்ற சொல் நாவில் ஆயத்தமாக நின்றது. தவறு எல்லாப் பிள்ளைகளுக்கும் நேர்வதே. வாங்கில் இருந்தவனுக்கு அது ஒரு தவறு. தரையில் இருந்தவனுக்கு அது ஒரு சான்று.

இந்த நிலையை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் சைவப் பெரியார் கா. சூரன். ஒடுக்கப்பட்ட சமூகத்திலே பிறந்த அவர், முதலாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, அச்சமூகப் பிள்ளைகளுக்காகத் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையை நிறுவினார். இன்று தேவரையாளி இந்துக் கல்லூரி என வழங்குவது அதுவே. தம் வாழ்க்கையை அவர் தாமே எழுதியும் வைத்தார். பிற்காலத்தில் அந்தச் சுயசரிதை நூலாக வெளிவந்தது.

அந்தப் பாடசாலை எழுத்தும் எண்ணும் மட்டுமா கற்பித்தது? அமெரிக்க உளவியலறிஞர் அல்பேட் பந்தூரா 1977-இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று, இதனை விளங்கிக்கொள்ளக் கைகொடுக்கும். ‘இது என்னால் இயலும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளிற் பிறக்கின்றது என்பது அவர் கொள்கை. தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்துப் பார்த்தல் முதலாவது வழி. நான்கினுள் வலிமை மிக்கதும் இதுவே. தன்னைப் போன்ற மற்றொருவர் செய்வதைக் காணல் இரண்டாவது. நம்பத்தக்கவர் ஊக்கிச் சொல்லும் சொல் மூன்றாவது. அச்சமும் பதற்றமும் இன்றி உடலும் உள்ளமும் அமைதியாயிருத்தல் நான்காவது.

தேவரையாளியிற் சேர்ந்த பிள்ளையின் நிலையை இந்நான்கோடும் பொருத்திப் பார்க்கலாம். ஏனையோருக்குச் சமமாக அமர்ந்தபோது அவமானத்தின் பதற்றம் நீங்கியது. பாடசாலையை நிறுவியவரே தன் சமூகத்தவர் என்று கண்டபோது, கல்வி பிறர் உடைமை என்ற எண்ணம் தளர்ந்தது. தன்னைத் தாழ்வாக நோக்காத ஆசிரியர் ‘மீண்டும் எழுது’ என்றபோது அது கண்டிப்பாக இருந்தது, இழிவாக இல்லை. மீண்டும் எழுதியது சரியாக வந்த அன்று, பிள்ளை தன்னைப் பற்றித் தானே ஒரு புதிய செய்தியை அறிந்தது.

பொலிகண்டியிற் பிறந்து, ‘தெணியான்’ என்ற பெயரால் ஈழத்து இலக்கியத்தில் இடம்பெற்ற க. நடேசு அவர்கள், தேவரையாளியிலே கற்றவர். அங்கேயே ஆசிரியப் பணியும் ஆற்றியவர். 2022-ஆம் ஆண்டு மறையும் வரை சிறுகதைகளும் நாவல்களும் படைத்தார். மாணவனாக நுழைந்தவன் ஆசிரியனாகத் திரும்பி வரும்போது, அவன் முன் இருக்கும் பிள்ளைகளுக்குப் பந்தூரா கூறிய இரண்டாவது வழி கண்ணெதிரே நிற்கின்றது. தனித்தனியே உபதேசிக்க வேண்டுவதில்லை.

பாடசாலை கைவிட்ட பிள்ளையின் கதை வேறு. யாழ்ப்பாண நகரிற் பிறந்த டொமினிக் ஜீவா, சாதியைச் சுட்டி இழிவு செய்யப்பட்டதனால் இளவயதிலேயே பாடசாலையை விட்டு நீங்கியவர். சிகை அலங்கரிக்கும் தொழிலில் இருந்துகொண்டே வாசித்தார், எழுதினார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற அவருடைய சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966-இல் தொடங்கிய ‘மல்லிகை’ இதழை நானூறு இதழ்களுக்கு மேல் நடத்தினார். இழிவு ஒருவரை உயர்த்தும் என்று இதிலிருந்து முடிவு செய்தல் தவறு. அவ்வாறு வெளியேறிய ஒருவர் எழுத்தாளரானார். வெளியேறிய ஏனையோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. பாடசாலை ‘இல்லை’ என்று கருதிய ஆற்றல் முன்னரே இருந்தது என்பதற்கே ஜீவாவின் வாழ்வு சான்றாகும்.

இதனைச் சோதனை வாயிலாகவும் காட்டியுள்ளனர். கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளியலறிஞர், இந்தியாவின் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வை 2004-இல் வெளியிட்டனர். ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் தாளில் வரைந்த சிக்கல்வழிப் புதிர்களைக் கொடுத்து, வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாருடைய சாதியும் கூறப்படாதபோது, தாழ்த்தப்பட்ட சிறுவரும் உயர்சாதியெனப்பட்ட சிறுவரும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தனர். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் படித்தபின் புதிர் கொடுத்தபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர் பின்தங்கினர். சிறுவர் அதே இயல்பினர். புதிரும் அதே வகையினது. இடையே புகுந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே.

ஆயின், நம்பிக்கை ஒன்றே போதுமோ எனின், போதாது. 2019-இல் வெளியான, ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஏறக்குறைய 12,000 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வொன்றில், ஒரு பகுதியினருக்கு, அறிவாற்றல் பயிற்சியால் வளரக்கூடியது என்னும் கருத்து ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பாடத்தினால் உணர்த்தப்பட்டது. பின்தங்கிய மாணவரின் தேர்ச்சி உயர்ந்தது. ஆனால் சிறிதளவே உயர்ந்தது. கடினமான பாடத்தைத் தேடிச் செல்வதைச் சக மாணவரும் மதிக்கும் பாடசாலைகளில் அவ்விதை நன்கு முளைத்தது. ஏனைய இடங்களில் வாடியது. புகையிலைத் தோட்டம் செய்யும் வடமராட்சி விவசாயிக்கு இது புதிய செய்தியன்று. நாற்று எவ்வளவு நல்லதாயினும், நிலமும் நீரும் வேண்டும். சூரன் அவர்கள் நம்பிக்கையைச் சொல்லாற் புகட்டுவதோடு நில்லாது, பாடசாலையையே எழுப்பியதன் பொருள் இதுவே.

சம ஆசனப் போராட்டம் நடந்து ஏறத்தாழ நூறாண்டு ஆகின்றது. எனினும் பிள்ளைகளைத் தரையில் இருத்தும் வழிகள் வேறு வடிவில் உள. பத்து வயதுப் பிள்ளை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகின்றது. வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்தால், ‘இவன் இவ்வளவுதான்’ என்ற பேச்சு வீட்டிலும் அயலிலும் எழுகின்றது. ஒரு காலைப்பொழுதின் விடைத்தாள் ஓர் ஆயுளின் அளவுகோலாகிவிடுகின்றது.

சித்தியடைந்த பிள்ளையும் தப்புவதில்லை. ‘நீ பிறவிக் கெட்டிக்காரன்’ என்ற புகழ்ச்சி அதற்குக் காத்திருக்கின்றது. ஏறத்தாழ அதே வயதுப் பிள்ளைகளைக் கொண்டு கரோல் டுவெக், குளோடியா முல்லர் ஆகியோர் நடத்திய ஆய்வுகள் 1998-இல் வெளியாயின. கெட்டிக்காரர் எனப் புகழப்பட்ட பிள்ளைகள் அதன்பின் எளிய வேலையையே விரும்பினர். கடினமான கேள்விகளில் தவறியபோது சோர்ந்தனர். பெற்ற புள்ளியைக் கூட்டிச் சொன்னவரும் அவர்களுள் மிகுதி. முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களோ கடினமானதைத் தேடி எடுத்தனர். கெட்டிக்காரன் என்ற பெயரைக் காப்பதே ஒரு பிள்ளைக்கு வேலையாகிவிட்டால், கற்பதற்கு நேரம் ஏது?

ஆகவே, “எனக்குக் கணக்கு வராது” என்று வரும் சிறுவனுக்கு என்ன விடை கூறுவது? “உனக்கு எல்லாம் வரும்” என்பது அவனே நம்பாத பொய்யாகும். “இன்னும் வரவில்லை” என்பது உண்மை. அதில் நாளைக்கும் இடமுண்டு. ஆனால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போவதாற் பயனில்லை. எந்தப் படியிற் பிழைத்தது என்று கேட்டு, சிலேட்டையோ கொப்பியையோ எடுத்து, அவன் அருகிலே சமமாக அமர்ந்து, அந்த ஒரு படியை அவன் கையாலேயே செய்விக்க வேண்டும். அது சரியாக வந்ததும், அடுத்ததை அவனே கேட்பான்.