பழைய கடிகாரத்தின் மெய்யும் பொய்யும்

சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில், முன்னோர் அணிந்த கைக்கடிகாரம் ஒன்று பெட்டியின் அடியில் கிடக்கக் காண்கிறோம். பழைய கடிகாரங்களைத் தேடி விலைக்கு வாங்குவோரும் உளர். அவற்றின் மெய்ம்மையை அறிவது எங்ஙனம்?

இவற்றுள் மதிப்பு மிக்கது குரோனோகிராப் என்னும் வகை. மணி காட்டுவதுடன், பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தியதும் விநாடிகளைத் தனியே அளந்து காட்டுவது இது. ஸ்விட்ஜர்லாந்தின் ஒமேகா நிறுவனம் 1957-ல் வெளியிட்ட ‘ஸ்பீட்மாஸ்டர்’ இவ்வகையைச் சேர்ந்தது. 1969-ல் சந்திரனில் நடந்த ஆல்ட்ரின் அணிந்திருந்ததும் ஸ்பீட்மாஸ்டரே.

அந்த முதல் வரிசைக் கடிகாரம் ஒன்று 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் விலை போயிற்று. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. ஆனால், பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது அது என்று 2023-ல் அந்நிறுவனமே அறிவித்தது. தன் முன்னாள் ஊழியர் மூவர்மீது குற்றமும் சாட்டியது. செய்தவரே ஏமாறுவாராயின் நம் போன்றோர் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

இதில் ஒரு பாடம் உண்டு. உறுப்புகள் ஒவ்வொன்றும் மெய்யாக இருப்பது போதாது. அவை தொடக்கம் முதல் ஒன்றாக இருந்தவையா என்பதே கேள்வி. ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் அதன் காலம் என்னவென்று கேட்க வேண்டும்.

1957-ஆம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டரையே எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பைச் சுற்றியுள்ள வளையம் எஃகினால் ஆனது. கறுப்பு வளையம் 1959-ல்தான் வந்தது. அதன் உள்ளே இருக்க வேண்டிய யந்திரம் 321 எனப்படுவது. தூண்கள் நிறுத்தியது போன்ற சிறு சக்கரம் ஒன்று அதில் தெரியும். 1968-ல் வந்த 861 என்னும் யந்திரத்தில் அச்சக்கரம் இல்லை. எண்களும் முட்களும் இருளில் ஒளிர அக்காலத்தில் பூசியது ரேடியம். டிரிடியம் வழக்கிற்கு வந்தது 1960-களில். அதற்கு அடையாளமாக முகப்பின் அடியில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்தார்கள். 1957-ஐச் சேர்ந்தது எனக் காட்டப்படும் கடிகாரத்தில் அவ்வெழுத்து இருக்குமாயின், முகப்பு பிற்காலத்தது என்பது தெளிவு.

மும்பையின் பழம்பொருட் கடைகளில் முகப்புக்குப் புதுச் சாயமேற்றி விற்கும் வழக்கமும் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்துகளின் விளிம்பு தடித்தும் கலங்கியும் தோன்றும். பின்மூடியைக் கைதேர்ந்தவரைக் கொண்டே திறக்கச் செய்க. ரேடியம் பூசிய முகப்பைச் சுரண்டுவது உடலுக்குத் தீங்கு.

நாமும் இதில் தவறியவர்களே. தந்தையார் விட்டுச் சென்ற குரோனோகிராப் ஒன்றைப் பழுது பார்க்க, சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் ஒரு கடையில் கொடுத்தோம். மங்கியிருந்த முகப்பை எடுத்துவிட்டுப் பளபளக்கும் புதிய முகப்பைப் பொருத்தித் தந்தனர். வேண்டாம் என்று நாம் முன்கூட்டிச் சொல்லவில்லை. மறுவாரம் சென்று பழையதைக் கேட்டபோது, அது குப்பையோடு போயிற்று என்றனர். கடிகாரம் இன்றும் ஓடுகிறது. ஆனால் அவர் நாற்பது ஆண்டுகள் பார்த்த முகம் அதில் இல்லை. அவர் அதை அணிந்து எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்றே இப்போது சான்று.

ஆதலால் நேயர்களே, பழுது பார்க்கக் கொடுக்குமுன் கடிகாரத்தை உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள். துடைத்து மெருகேற்ற வேண்டாம் எனச் சொல்லுங்கள். மாற்றிய உறுப்பைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். பழைய ரசீதையும் கடிதத்தையும் கடிகாரத்துடனேயே வையுங்கள். வாங்கியவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர் மாறி ஊர் செல்லும் நம் குடும்பங்களில் முதலில் தொலைவது இத்தகைய செய்திதான்.