ஒரு பென்டிரைவில் ஐந்து கணிப்பொறிகள்

(சந்திப்பு விழாவிற்கு முன்பாக, கணிப்பொறித் துறை மாணவர் மன்றத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)



நான் இந்தக் கல்லூரியில் 1993லிருந்து 1996 வரை படித்தவன். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த ஹாலுக்கு அப்போது ஓடுதான் கூரை. இதற்கு எதிரே லேப். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்களுக்கு ஏ.சி. கிடையாது, கம்ப்யூட்டருக்கு உண்டு! ஆளுக்கு ஒரு ஃபிளாப்பி. அதை சாமி படம் மாதிரி நோட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவோம்.

அந்த ஃபிளாப்பியிலிருந்துதான் இன்றைய பேச்சு ஆரம்பமாகிறது. எங்கள் லேபில் பாதிக் கணிப்பொறிகளில் ஹார்டு டிஸ்க்கே இல்லை. 'ஏ' டிரைவில் டாஸ் ஃபிளாப்பியைப் போட்டால் எழுந்திருக்கும். வேறு ஃபிளாப்பியைப் போட்டால், 'நான் சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எர்ரர்' என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்கும். ஏன் அப்படி நிற்கிறது என்று லேப் அண்ணனிடம் கேட்டேன். "முத பக்கத்துல எழுத்து இல்லடா, அது எதைப் படிக்கும்?" என்றார். மூன்று வருடப் படிப்பில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. (பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.)

உண்மையும் அதுதான். பவர் பட்டனை அழுத்தியதும் கணிப்பொறிக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. பயாஸ் என்கிற சின்ன நிரல் மட்டும் விழித்துக்கொண்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற அடையாளம் இருந்தால், சரி, இது நம்ம ஆள் என்று நம்பி அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். இப்போது பயாஸ் இருந்த இடத்தில் யு.இ.எஃப்.ஐ. வந்துவிட்டது. அது 512 பைட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த ஒரு பகுதிக்குள் போய் குறிப்பிட்ட பெயருள்ள ஒரு கோப்பைத் தேடும். தேடுகிற இடம்தான் மாறியிருக்கிறது. முதல் பக்கத்தில் எழுத்து வேண்டும் என்பது மாறவில்லை.

முதல் பக்கம் ஒன்றுதானே? அதில் ஒரு ஓ.எஸ். தானே எழுதலாம்? பல வருடங்கள் என் மேஜை டிராயரில் ஏழெட்டு பென்டிரைவ் கிடந்ததற்கு இதுதான் காரணம். ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் உபுண்டு, ஒன்றில் மெமரி டெஸ்ட் என்று பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதி வைத்திருப்பேன். அவசரத்துக்கு எடுத்தால் வேண்டியது மட்டும் கிடைக்காது.

ஒரே பென்டிரைவில் பலவற்றை வைக்க வழி முன்பே இருந்தது. முதல் பக்கத்தில் ஓ.எஸ்.ஸை எழுதாமல், கிரப் என்ற நிரலை எழுதிவிட வேண்டும். அது ஹோட்டல் சர்வர் மாதிரி 'என்ன வேணும்?' என்று ஒரு பட்டியலைக் காட்டும். ஆனால் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நாமே நாலு வரி எழுதித் தர வேண்டும். உபுண்டுவுக்கு ஒரு மாதிரி, டெபியனுக்கு வேறு மாதிரி. ஒரு எழுத்து தப்பினாலும் கறுப்புத் திரைதான். நான் ஒரு தீபாவளி விடுமுறை முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன். வீட்டில் வாங்கிய பாட்டு தனி.

2020இல் வெண்டாய் என்ற இலவச மென்பொருள் வந்தது. திறந்த மூல மென்பொருள்தான். இது பென்டிரைவை இரண்டாகப் பிரிக்கும். 32 எம்.பி. அளவில் ஒரு சின்னப் பகுதியில் தன் நிரலை வைத்துக்கொள்ளும். மீதி முழுவதும் நமக்கு. அதில் ஐ.எஸ்.ஓ. கோப்புகளை, பாட்டு காப்பி செய்கிற மாதிரி அப்படியே காப்பி செய்தால் போதும். பிரித்துப் போட வேண்டாம், வரி எழுத வேண்டாம். பூட் ஆகும்போது அங்கே என்னென்ன கோப்பு இருக்கிறது என்று அதுவே பார்த்துப் பட்டியல் போட்டுவிடும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கோப்பை ஒரு சி.டி. போலக் கணிப்பொறிக்குக் காட்டும். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே கோப்பு வைக்க முடியாது. இன்றைய விண்டோஸ் ஐ.எஸ்.ஓ. அதைத் தாண்டிவிடும். இதில் பெரிய பகுதி எக்ஸ்ஃபேட் முறையில் இருப்பதால் அந்தத் தொல்லையும் இல்லை. 1995இல் விண்டோஸ் 95ஐ ஃபிளாப்பியில் வாங்கியவர்கள் 13 ஃபிளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதோ என் சட்டைப் பையில் இருப்பது 64 ஜி.பி. இதில் விண்டோஸ் 11, லினக்ஸ் மிண்ட், மெமரி டெஸ்டுக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ், டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்க குளோன்ஜில்லா, பழுது பார்க்க சிஸ்டம் ரெஸ்க்யூ என்று ஐந்து இருக்கின்றன. இன்னும் இடம் மிச்சம். கணிப்பொறியை ஆன் செய்தவுடன் பூட் மெனு சாவியை அழுத்துங்கள். பலவற்றில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப். செக்யூர் பூட் இருக்கும் கணிப்பொறியில் முதல் தடவை மட்டும் ஒரு நீலத்திரை வந்து, இந்தச் சாவியைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும். பயப்பட வேண்டாம், சேர்த்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ.வை அந்தந்த ஓ.எஸ்.ஸின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். ஷா256 எண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். நண்பன் கொடுத்த கோப்பு என்றால் நண்பனை நம்புங்கள், கோப்பை நம்பாதீர்கள்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 இல்லாத பழைய கணிப்பொறியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. உங்கள் லேபிலும் அப்படிச் சில இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் இந்தப் பென்டிரைவை ஒரு தடவை செருகிப் பாருங்கள். மிண்ட் ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே ஓடிக் காட்டும்.

இனி நான் சொல்லப்போவது துறைத்தலைவர் அவர்களுக்கு மட்டும் தெரியும். சந்திப்பு மலருக்காகப் பழைய மாணவர்களிடம் புகைப்படங்கள் கேட்டிருந்தோம். ஆல்பங்களை நம்பி அனுப்பினார்கள். 380 படங்களை நானே ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஆண்டு, வகுப்பு, இடமிருந்து வலமாகப் பெயர் என்று வைத்தேன். இரண்டு மாத வேலை. ஆல்பங்களைத் திருப்பி அனுப்பியாயிற்று. எல்லாம் ஒரு 1 டி.பி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தது.

ஒரு ராத்திரி, பென்டிரைவைப் புதிதாகத் தயாரிக்க உட்கார்ந்தேன். அந்த டிஸ்க்கும் யு.எஸ்.பி.யில்தான் செருகியிருந்தது. பட்டியலில் இரண்டும் தெரிந்தன. நான் தேர்ந்தெடுத்தது டிஸ்க்கை. வெண்டாய் முதல் தடவை நிறுவும்போது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடும். அதனால் 'நிச்சயமா?' என்று இரண்டு தடவை கேட்கும். கேட்டது. இரண்டு தடவையும் 'எஸ்' அழுத்தினேன். அதோடு விட்டேனா? விண்டோஸையும் மிண்டையும் காப்பி செய்தேன், 9 ஜி.பி.க்குமேல் இருக்கும். அதன் பிறகு பென்டிரைவைத் திறந்து பார்த்தால் அதில் என் பழைய இளையராஜா பாட்டெல்லாம் பத்திரமாக இருக்கிறது! அப்போதுதான் கை நடுங்கியது.

அழித்ததைவிட மேலே எழுதியதுதான் பெரிய குற்றம். அழித்த கோப்பு அங்கேயேதான் கிடக்கும், வேறொன்று அதன்மேல் உட்காரும் வரை. டிஸ்க்கைப் பிடுங்கி வைத்தேன். மறுநாள் சரியான பென்டிரைவைத் தயாரித்து, அதிலிருந்த சிஸ்டம் ரெஸ்க்யூவில் பூட் செய்து, ஃபோட்டோரெக் என்ற நிரலை ஓடவிட்டேன். மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும், அதே டிஸ்க்கில் கூடாது. ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் எண்ணிப் பார்த்தால் 343 படங்கள் வந்திருந்தன. 37 போய்விட்டன.

வந்தவற்றுக்குப் பெயர் இல்லை. அந்த நிரல் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் மீட்கும். பெயர்ப்பட்டியல் இருந்த இடத்தில் நான்தான் மிண்டை எழுதிவிட்டேனே. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீளமான எண்ணும்தான் ஒவ்வொன்றின் பெயர். தேதியைப் பார்த்தால் நான் ஸ்கேன் செய்த தேதி. அனுப்பியவர்களுக்கெல்லாம் போன் செய்து மன்னிப்பு கேட்டேன். ஒரு அக்கா, 1981இல் முடித்தவர், "தம்பி, அதுல இருந்த ரெண்டு பேரு இப்ப இல்லப்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் படம் அந்த 37இல் ஒன்று. மறுபடியும் ஆல்பத்தை அனுப்பி வைத்தார்.

போனிலும் ஞாபகத்திலும் தேடி முக்கால்வாசிக்குப் பெயர் போட்டுவிட்டோம். 58 படங்கள் இன்னும் பாக்கி. மலரில் அவை 'பெயர் தெரியவில்லை' என்றுதான் வரும். அதற்குப் பொறுப்பு நான்தான், மலர்க்குழு அல்ல. மாணவர்களே, சந்திப்பு அன்று நூலக வராந்தாவில் அந்த 58 படங்களையும் பெரிதாக அச்சடித்து ஒட்டப்போகிறோம். ஆளுக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒருவர் நில்லுங்கள். வருகிறவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பேனாவால் எழுதுங்கள். அன்று சாயங்காலம் நான் அதை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைக்கிறேன், டிரைவின் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு.