ஹன்னா பென்: கைம்பெண் ஒருவர் காத்த மாகாணம்

குடும்பத் தலைவர் கடனையும் காணியையும் ஒருங்கே விட்டு இறந்துவிட்டால், அக்குடும்பத்துக்கு நேரும் இக்கட்டு நாம் அறியாததன்று. சில பரப்புக் காணியாக இருந்தாலே வழக்குக்கும் மனத்தாங்கலுக்கும் குறைவிராது. அந்தக் காணி ஒரு மாகாணம் முழுவதுமாக, அதன் ஆட்சியுரிமையும் சேர்ந்ததாக இருக்குமாயின் நிலைமை எவ்வாறிருக்கும்? 1718ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கைம்மை எய்திய ஹன்னா பென் என்னும் மாதரசிக்கு அத்தகைய முதுசமே வந்து வாய்த்தது.

அவருடைய கணவர் வில்லியம் பென். குவேக்கர் எனப்படும் கிறித்தவ சமயக் குழுவின் தலைமக்களுள் ஒருவர். குருமார் இன்றி மௌனமாகக் கூடி வழிபடுவதும், ஆணையிட மறுப்பதும், போரை வெறுப்பதும் அக்குழுவினரின் கொள்கைகள். அவர்தம் கூட்டங்களிற் பெண்களும் எழுந்து பேசலாம். இக்கொள்கைகளுக்காக அவர்கள் சிறையும் தண்டமும் கண்டனர். பென்னின் தந்தையாராகிய கடற்படைத் தளபதிக்கு அரசு 16,000 பவுண் கடன்பட்டிருந்தது. அதற்கீடாக இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் 1681இல் அமெரிக்காவில் ஒரு பெரும் நிலப்பரப்பைப் பென்னுக்கு வழங்கினார். அதுவே பென்சில்வேனியா. மனச்சாட்சிக்குச் சுதந்திரமளிக்கும் நாடாக அதனை அமைக்க வேண்டுமென்பது பென்னின் எண்ணம்.

ஹன்னா 1671இல் பிறந்தவர். பிரிஸ்டல் நகரத்துக் குவேக்கர் வணிகரான தோமஸ் கலோஹில்லின் மகள். பென் முதல் மனைவியை இழந்தபின் 1696இல் அவரை மணம் புரிந்தார். மணமகனுக்கு வயது 51, மணமகளுக்கு 25. மூன்றாண்டுகளின் பின் இருவரும் அமெரிக்கா சென்றனர். 1700ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் அவர்களுக்கு முதல் மகன் ஜோன் பிறந்தான். டெலவேர் நதிக்கரையிலுள்ள பென்ஸ்பரி மாளிகையில் ஹன்னா சிறிது காலம் இல்லறம் நடத்தினார். மனிதர் யாவரினுள்ளும் இறையொளி உண்டென்று போதித்தவரின் அம்மாளிகையிலே அடிமைகளும் ஊழியஞ் செய்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. 1701இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. அதன்பின் ஹன்னா அந்நாட்டைக் கண்ணாற் காணவில்லை.

பென் நல்லவர்; ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியாதவர். காரியக்காரரான பிலிப் போர்ட் என்பவர் நீட்டிய பத்திரங்களிலெல்லாம் வாசியாமலே கையொப்பமிட்டார். அவற்றுள் ஒன்று மாகாணத்தையே போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்த உறுதி. போர்ட் இறந்தபின் அவர் மனைவி பிரிஜெட் அந்த உறுதியைக் காட்டி வழக்காடினார். அவரும் ஒரு குவேக்கர் கைம்பெண்ணே. 1708இல் பென் கடனாளிகளுக்குரிய சிறையில் இருக்க நேர்ந்தது. குவேக்க நண்பர்கள் மாகாணத்தை ஈடாகப் பெற்றுப் பணம் உதவினர். 7,600 பவுண் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது. ஆயினும் ஈட்டுக்கடன் தலைமேல் நின்றது.

கடனிலிருந்து மீள, ஆட்சியுரிமையை 12,000 பவுணுக்கு முடிக்கு விற்கப் பென் உடன்பட்டார். முற்பணமாக 1,000 பவுண் கைக்கு வந்தது. 1712 ஒக்ரோபரில், பிலடெல்பியாவிலிருந்த தம் செயலாளர் ஜேம்ஸ் லோகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கையில் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. வாக்கியம் பாதியில் நின்றது. அவர் பின்னர் ஆறாண்டு உயிர்வாழ்ந்தும், காரியம் பார்க்கும் அறிவாற்றல் திரும்பவில்லை.

அன்று ஹன்னாவுக்கு 41 வயது. மூத்த மகனுக்குப் பன்னிரண்டு; மற்ற நால்வரும் அவனுக்கு இளையோர். அக்கால ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனி ஆளுமை கிடையாது. கணவர் இருக்கும்வரை அவருடைய பெயராலேயே எதனையும் செய்ய வேண்டும். அப்பெயருக்கு உரியவரோ நோய்ப்படுக்கையில். விற்பனையை நிறைவேற்றச் சட்டம் வேண்டியிருந்தது. 1714இல் ஆன் அரசியார் காலமாக, அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆகவே ஹன்னாவே எழுதுகோலை எடுத்தார். கடல் கடந்து கடிதம் சென்று மறுமொழி வருதற்குப் பல திங்கள் செல்லும். அவ்வாறு கடிதங்களாலேயே அவர் மாகாணத்தை நடத்தினார். 1717இல் சேர் வில்லியம் கீத் என்பவர் உதவித் தேசாதிபதியாக அங்கு அனுப்பப்பட்டார்.

1718 யூலையில் பென் இறந்தார். அவருடைய மரண சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பு ஹன்னா ஒருவருக்கே விடப்பட்டிருந்தது. மூத்த தாரத்து மகன் வில்லியத்துக்கு முன்னரே இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஆதனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அமெரிக்கக் காணியில் கடனுக்கும் சில பங்குகளுக்கும் போக எஞ்சியது ஹன்னாவின் பிள்ளைகளுக்கு. பங்கீட்டை முடிவு செய்யும் அதிகாரம் தாய்க்கு. ஆட்சியுரிமையோ, அதனை விற்கும்பொருட்டு இரு பிரபுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

மூத்த மகன் இதனை ஏற்கவில்லை. ஆட்சி தலைமகனுக்கே உரியதென்று அவன் உரிமை கோரினான். 1720இல் அவன் இறக்க, அவன் மகன் வழக்கைத் தொடர்ந்தான். பிரபுக்களோ நீதிமன்றத் தீர்ப்பின்றி அசைய மறுத்தனர். இங்ஙனம் கோருவாரும் தயங்குவாரும் நிறைந்த வேளையில், ஹன்னா நாளாந்த அலுவலைக் கைவிடாமற் பார்த்தார். மேரிலாந்தின் உரிமையாளரான பால்ற்றிமோர் பிரபுவுடன் எல்லைத் தகராறு இருந்தது. 1724இல் அவருடன் தற்காலிக உடன்பாடு செய்து, எல்லைப்புறத்துக் குடிகள் தொல்லையின்றி இருக்க வழி தேடினார்.

அதே ஆண்டில் கீத்துடனும் பிணக்கு முற்றியது. மக்கள் ஆதரவைப் பெற்றிருந்த கீத், லோகனைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தார். லோகனுக்கு மீண்டும் பதவியளிக்குமாறும், ஆலோசனைச் சபையின் இசைவின்றி எதுவுஞ் செய்யாதிருக்குமாறும் ஹன்னா கட்டளை எழுதினார். கீத் அக்கடிதத்தையும் தமது மறுமொழியையும் சட்டசபையின் முன் வைத்தார். 1701ஆம் ஆண்டுச் சாசனத்துக்கு மாறாக, உரிமையாளர் குடும்பம் இரகசியக் கட்டளை அனுப்பலாமா என்று கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வியே. கணவர் மக்களுக்கு அளித்த சுதந்திரத்தைக் காப்பதும், பிள்ளைகளின் முதுசத்தைக் காப்பதும் எப்போதும் ஒன்றாகா. அவ்விரண்டும் முரண்பட்டபோது தாயுள்ளம் பிள்ளைகளின் பக்கமே சாய்ந்தது. 1726இல் கீத் நீக்கப்பட்டு, பற்றிக் கோர்டன் அனுப்பப்பட்டார்.

அவ்வாண்டு டிசம்பரில் ஹன்னாவும் மறைந்தார். நெடிய வழக்கின் முடிவில் மரண சாசனம் நிலைபெற்றது. மாகாணம் சிதறாமல் அவர் பிள்ளைகள் கைக்கு வந்தது. ஜோனுக்குப் பாதி; தோமசுக்கும் ரிச்சர்ட்டுக்கும் கால்வாசி வீதம். 1746இல் ஜோன் இறந்தபோது அவர் பங்கும் தோமசைச் சேர்ந்தது.

இனி, காக்கப்பட்ட முதுசத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். பூர்வீகக் குடிகளாகிய லெனாப்பே மக்களிடம் தந்தை உடன்படிக்கை செய்து நிலம் வாங்கினார். 1737இல் மைந்தர்களோ ஒரு பழைய உறுதியைக் காட்டினர். ஒருவன் ஒன்றரை நாளில் நடக்கக்கூடிய தூரம் தமக்குரியதென்று அதில் உள்ளதாம். காட்டில் முன்னதாகவே வழி வெட்டி, விரைந்து செல்ல வல்லவர்களை அனுப்பி, ஏறத்தாழ 1,200 சதுர மைல் நிலத்தைக் கைப்பற்றினர். தந்தையை வஞ்சித்ததும் ஓர் உறுதி. மைந்தர் பிறரை வஞ்சித்ததும் ஓர் உறுதி. தோமஸ் பின்னர் குவேக்கர் நெறியையும் விட்டு விலகினார். 1779இல் புரட்சி அரசு அக்குடும்பத்தின் மாகாண உரிமையை எடுத்துக்கொண்டு 130,000 பவுண் ஈடு வழங்க முடிவு செய்தது.

நேயர்களே, ஹன்னா காத்தது வீண்போயிற்றென்று இதனாற் கூறலாமா? கூறல் தகாது. அவர் தளர்ந்திருப்பின், மாகாணம் கடன்காரரிடையே துண்டுபட்டிருக்கலாம். அல்லது முடியின் நேரடி ஆட்சிக்குட் போயிருக்கலாம். அவர் உறுதியாய் நின்றமையால், 1701ஆம் ஆண்டுச் சாசனமும் அது அளித்த சமய சுதந்திரமும் புரட்சிக்காலம்வரை நிலைத்தன. 1984இல் அமெரிக்கா பென்னுக்கும் ஹன்னாவுக்கும் மதிப்பியற் குடியுரிமை வழங்கியது. மறைந்து 258 ஆண்டுகளின் பின் வந்த அம்மதிப்பு, மனைவி என்பதற்காக மட்டும் அளிக்கப்பட்டதன்று. மாகாணத்தை நடத்தியவர் என்பதற்காகவும் அளிக்கப்பட்டது. காணியைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க அவரால் முடிந்தது. அதனை எவ்வாறு ஆளவேண்டும் என்பதை எந்த மரண சாசனத்தாலும் எழுதிவைக்க முடியவில்லை.